செடார் நான் வாங்குறதே இல்ல. அது ஏறினா என் மொஸ்ஸரெல்லா ஏன் ஏறுது?

தோசைக்கல் (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். சிப்புட் டவுன்ல சின்னக் கடை வெச்சிருக்கேன். காலையில பசியாற தோசை, ரொட்டி சானாய். சாயங்காலம் சீஸ் தோசை, சீஸ் முர்த்தபாக், மேகி கோரேங் மேல சீஸ். தோட்டத்துப் பிள்ளைங்க டியூஷன் விட்டு வந்தா கேக்குறது பெரும்பாலும் சீஸ் போட்டதுதான். நான் வாங்குறது ரெண்டே சாமான்: மொஸ்ஸரெல்லா துருவல் பை, ரொட்டிக்கு சீஸ் சிலைஸ்.

ஈப்போவிலிருந்து சரக்கு போடுறவர் போன மாசம் மொஸ்ஸரெல்லா விலையை ஏத்தினார். ஏன்னு கேட்டா "செடார் ஏறிடுச்சுக்கா"ன்னார். அடுத்த லோடுல சிலைஸ் ஏறுச்சு, அதுக்கும் அதே பதில். கட்டி செடார் என் கடை வாசப்படி மிதிச்சதே கிடையாது. ஒரு சீஸ் ஏறினா இன்னொரு சீஸ் ஏறணும்னு உண்மையிலேயே ஒரு தொடர்பு இருக்கா? இருந்தா எதைப் பாத்து நான் முன்கூட்டியே வாங்கி வைக்கலாம்? தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க. ரொட்டி சீஸ் விலையை ஐம்பது காசு ஏத்தினாலும் எங்க ஊர்ல நாலு பேர் வராம போயிடுவாங்க.

கிராணி_மகன் (சுங்கை சிப்புட்)

அக்கா, அது சாக்கு. டீசல் ஏறினா ஒரு காரணம், வெள்ளி (ரிங்கிட்) விழுந்தா ஒரு காரணம், இப்ப செடார். காரணம் எதுவா இருந்தாலும் விலை போற திசை மட்டும் மேலதான். இறங்கினப்ப யாராவது போன் பண்ணிச் சொன்னாங்களா?

பால்_நுட்பம் (ஷா ஆலம்)

நானும் சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன்தான். இப்போது உணவுத் தொழிற்சாலை ஒன்றில் பால் சார்ந்த மூலப்பொருள் வாங்கும் பிரிவில் இருக்கிறேன். தம்பி சொல்வதுபோல் விலை மெதுவாகத்தான் இறங்குகிறது, அதற்குப் பிறகு வருவோம். ஆனால் தொடர்பு உண்மையானது, அக்கா. உங்கள் ஆள் சொன்னது பொய் இல்லை, பாதிதான் சொன்னார்.

முதலில் பால். ஒரு கிலோ செடாருக்குச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும். அதே பாலை மொஸ்ஸரெல்லாவாகவோ கௌடாவாகவோ ஆக்கலாம். கொழுப்பைப் பிரித்து வெண்ணெயாக்கி, மீதியைப் பால்மாவாகவும் ஆக்கலாம். எதற்கு நல்ல விலை கிடைக்கிறதோ பால் அந்தப் பக்கம் ஓடும், மற்றவற்றுக்குத் தட்டுப்பாடு வரும், அவற்றின் விலையும் ஏறும். இது உடனே நடப்பதில்லை. மொஸ்ஸரெல்லாவுக்குத் தயிர்க்கட்டியைச் சுடுநீரில் இழுத்துப் பிசையும் இயந்திரம் வேண்டும், செடாருக்கு உப்புச் சேர்த்து அழுத்தும் வரிசை வேண்டும். ஒரு ஆலை ராத்திரியோடு ராத்திரியாக மாற முடியாது. அதனால் வாரக்கணக்கில் பார்த்தால் சீஸ்கள் தனித்தனியாகத் திரியும், மாதக்கணக்கில் பார்த்தால் சேர்ந்தே நகரும்.

அடுத்தது, விலை பேசும் வழக்கம். அமெரிக்காவில் செடாரின் அன்றாட விலை சிகாகோ சந்தையில்தான் முடிவாகிறது. 1997-க்கு முன் விஸ்கான்சினின் கிரீன் பேயில் இருந்த சந்தை அது. சிகாகோவில் நாளுக்குச் சில நிமிடம்தான் வியாபாரம், கைமாறுவதும் சில லாரி லோடுதான். அந்தச் சின்ன வியாபாரத்தின் விலையை வைத்துத்தான் பெரும்பாலான மொஸ்ஸரெல்லா ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன: "செடார் கட்டியின் சராசரி விலை, அதற்கு மேல் இவ்வளவு." நகைக்கடையில் 916 விலையைப் போர்டில் எழுதி வைத்து, வளையலுக்கு ஒரு கூலி, சங்கிலிக்கு ஒரு கூலி சேர்ப்பார்களே, அதே முறை. இத்தனைக்கும் அமெரிக்காவில் செடாரைவிட மொஸ்ஸரெல்லாதான் அதிகம் உற்பத்தியாகிறது. ஆனாலும் விலைக்கு அளவுகோல் செடார்தான், ஏனென்றால் அது கெடாமல் இருக்கும், 40 பவுண்டு கட்டி எங்கே வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே சரக்கு. மொஸ்ஸரெல்லாவில் ஈரம் அதிகம், சீக்கிரம் கெடும். பீட்சா நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்குவம் கேட்கும்.

கிராணி_மகன்

சரிண்ணே. ஆனா செடார் விலையைத் தலையில கட்டிக்க மொஸ்ஸரெல்லா செய்றவனுக்கு என்ன அவசியம்? அவன் தன் சரக்குக்குத் தன் விலையைச் சொல்லலாமே?

பால்_நுட்பம்

நல்ல கேள்வி தம்பி, விஷயத்தின் மையமே அதுதான். அங்கே சீஸ் ஆலை விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சப் பால் விலையை அரசாங்கச் சூத்திரம் ஒன்று கணக்கிடுகிறது. அந்தச் சூத்திரத்துக்குள் போகும் சீஸ் விலை செடார் மட்டுமே, மொஸ்ஸரெல்லா அதில் கிடையாது. ஆகவே செடார் ஏறினால் மொஸ்ஸரெல்லா ஆலையின் பால் செலவும் ஏறும். வாங்கும் பாலின் விலை செடாரோடு போகும்போது, விற்கும் விலையும் செடாரோடு போனால்தான் அவன் நஷ்டப்படாமல் இருப்பான். இதில் பேராசை ஒன்றும் இல்லை, அது அவனுக்குப் பாதுகாப்பு.

இதன் கெட்ட பக்கத்தை 2020-இல் பார்த்தோம். கொரோனாவில் உணவகங்கள் மூடியதும் சிகாகோவில் செடார் கட்டி ஏப்ரலில் பவுண்டுக்கு 1 டாலருக்கு விழுந்தது. அரசாங்கம் நிவாரண உணவுப் பெட்டிகளுக்காக வாங்கத் தொடங்கியது, கடைகளும் மறுபடி நிரப்பின, ஜூலையில் அதே கட்டி 3 டாலர். மூன்றே மாதத்தில் மூன்று மடங்கு. செடார் விலையோடு ஒப்பந்தம் கட்டியிருந்த பீட்சாக்கடைக்காரர், மொஸ்ஸரெல்லாவுக்கு ஒரு குறையும் வராமலேயே அந்த ஏற்றத்தைச் சுமந்தார். நான் வாங்குகிற பக்கத்தில் இருப்பவன். இந்த முறை எனக்கு நியாயமாகப் படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில லாரி லோடு வியாபாரம் ஒரு நாட்டின் மொத்த சீஸையும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

மொத்தக்கடை_ஈப்போ (ஈப்போ)

நான் அக்காவுக்குச் சரக்கு போடுற ஆள் இல்ல, ஆனா அதே தொழில். நம்ம பக்கம் வர்ற பையில பெரும்பாலும் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா. கொஞ்சம் ஐரோப்பா, கொஞ்சம் அமெரிக்கா. சிகாகோவை நாங்க நேராப் பாக்குறதில்ல. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நடக்குற குளோபல் டெய்ரி டிரேட்ங்கிற பால்பொருள் ஏலம்தான் எங்களுக்குச் சேதி. அங்க செடார் வருது, இப்ப மொஸ்ஸரெல்லாவும் வருது.

ஆனா ஒண்ணு சொல்லணும். நியூசிலாந்துச் சரக்கா இருந்தாலும் பில் அமெரிக்க டாலர்ல. 2024 பிப்ரவரியில ஒரு டாலர் 4.80 வெள்ளிகிட்ட போச்சு, அதே வருஷம் செப்டம்பர் கடைசியில 4.12 பக்கம் வந்துச்சு. அந்த மாதிரி நேரத்துல செடார், மொஸ்ஸரெல்லா, கிரீம் சீஸ், வெண்ணெய் எல்லாம் ஒண்ணா ஏறும், ஒண்ணா இறங்கும். ஒண்ணு இன்னொண்ணை இழுத்ததா நினைச்சா அது தப்பு, எல்லாத்தையும் இழுத்தது வெள்ளிதான். நான் பாக்குற கணக்கு இதுதான்: எல்லா சீஸும் ஒரே லோடுல ஏறினா காரணம் நாணயம். ஒண்ணு முன்ன, ஒண்ணு பின்ன ஏறினா காரணம் பால். அக்காவுக்கு மொஸ்ஸரெல்லா முதல்ல ஏறி சிலைஸ் பின்னால ஏறியிருக்கு, அதனால இது பால் பக்கத்துச் சங்கதி.

பால்_நுட்பம்

அண்ணன் சொன்னதை வைத்து இன்னும் ஒன்றைச் சேர்க்கிறேன். நியூசிலாந்தில் கணக்கு அமெரிக்காவுக்கு நேர் எதிர். அங்கே ஃபொன்டெரா என்ற பால் நிறுவனம் விவசாயிக்குக் கொடுக்கும் பால் விலை, பால்மா வகைகளையும் வெண்ணெய், நீரற்ற பால்கொழுப்பு ஆகியவற்றையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. சீஸ் அந்தக் கணக்கிலேயே இல்லை. அமெரிக்காவில் செடார் விலை பாலுக்குப் போய், பாலிலிருந்து மற்ற சீஸுக்குப் போகிறது. நியூசிலாந்தில் பால்மா விலை பாலுக்குப் போய், அங்கிருந்து எல்லா சீஸுக்கும் போகிறது. ஆகவே அக்கா, உங்கள் பையின் பின்னால் நியூசிலாந்து என்று இருந்தால் செடாரை மட்டும் பார்க்காதீர்கள், பால்மாவும் வெண்ணெயும் எப்படிப் போகின்றன என்று உங்கள் ஆளிடம் கேளுங்கள்.

வெண்ணெய்க்கு இன்னொரு பங்கும் உண்டு. செடாரில் கொழுப்பு நூற்றுக்கு 33 வரை. பீட்சாவுக்கான மொஸ்ஸரெல்லா, கொழுப்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்ட பாலில் செய்வது. அதில் கொழுப்பு 20 அளவுதான். எடுத்த கொழுப்பை ஆலை வெண்ணெய்க்கு விற்றுவிடுகிறது. வெண்ணெய் நல்ல விலைக்குப் போகும் காலத்தில் அந்த வரவு மொஸ்ஸரெல்லா செலவைக் கொஞ்சம் தாங்கும், செடாருக்கு அந்தத் தாங்கல் குறைவு. பால் விலை ஒன்றாகவே இருந்தாலும் இரண்டுக்கும் இடைவெளி விரிவது இப்படித்தான்.

தோசைக்கல்

ரொம்ப நன்றிப்பா, இப்பதான் பிடிபடுது. சிலைஸ் ஏன் பின்னாடி ஏறுச்சு?

பால்_நுட்பம்

சிலைஸ் என்பது செடார் போன்ற சீஸை உருக்கி, உப்பும் பால்பொருள்களும் தண்ணீரும் சேர்த்து மறுபடி வார்த்தது. அதைச் செய்கிறவரிடம் பழைய விலைக்கு வாங்கின சீஸ் இருப்பு இருக்கும். அது தீர்ந்த பிறகுதான் புது விலை உங்களிடம் வரும். கலவையும் அவர் கையில். சீஸ் விலை ஏறினால் அதன் அளவைக் குறைத்துப் பால்மாவையும் எண்ணெயையும் கூட்டுவார். அதனால் சிலைஸ் விலை தாமதமாக ஏறும், ஏறினாலும் குறைவாக ஏறும், ருசியில் மட்டும் தெரியும்.

அமெரிக்காவில் இதற்கென்றே செடாரை 500 பவுண்டு பீப்பாயில் செய்கிறார்கள். வெகுகாலம் கட்டிக்கும் பீப்பாய்க்கும் பவுண்டுக்கு 3 சென்ட் வித்தியாசம் என்றே அரசாங்கச் சூத்திரம் எடுத்துக்கொண்டது. 2017 வாக்கிலிருந்து பீப்பாய் ஆலைகள் பெருகியதும் அந்த இடைவெளி அடிக்கடி பிய்த்துக்கொண்டது. கடைசியில் 2025 ஜூன் முதல் பீப்பாய் விலையைச் சூத்திரத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஒரே பால், ஒரே செடார், உருவம் மட்டும் வேறு, அதுவே இப்படிப் பிரிந்தது. அதனால் "எல்லா சீஸும் ஒன்றாக ஏறும்" என்று யாராவது பொதுவாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆலை_ஷிப்டு (சுங்கை சிப்புட்)

செம்பனை (பாமாயில்) ஆலையில வேலை. எல்லாரும் பாலைப் பேசுறீங்க, எங்க சரக்கை யாரும் சொல்லல. அக்கா, உங்க துருவல் பையைத் திருப்பி எழுத்தைப் படிங்க. "மொஸ்ஸரெல்லா"ன்னு பெரிசா இல்லாம "பீட்சா டாப்பிங்" மாதிரி பேர் இருந்து, உள்ள செம்பனை எண்ணெய், ஸ்டார்ச்சு, கேசீன்னு இருந்தா அது பால்கொழுப்பு இல்ல, நாங்க பிழியுற எண்ணெய். உண்மையான மொஸ்ஸரெல்லா ஏறினா சின்னக் கடைங்க அந்தப் பைக்கு மாறும். எங்க பக்கத்துல நிறைய பேர் மாறிட்டாங்க. அதனால மொஸ்ஸரெல்லா எவ்வளவு உயரம் போகலாம்னு ஒரு கூரை போடுறதே அந்த எண்ணெய்ப் பைதான்.

2022-ல அந்தக் கூரையே உயர்ந்துடுச்சு. உக்ரேன் சண்டையில சூரியகாந்தி எண்ணெய் நின்னு, மார்ச்சுல கச்சா செம்பனை எண்ணெய் டன்னு 7,000 வெள்ளியைத் தாண்டுச்சு. ஏப்ரல் 28-லிருந்து மே 23 வரைக்கும் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்துச்சு. அதே சமயத்துல பால் சீஸும் உச்சத்துல. மாறிப் போக இடமே இல்லாம நின்ன வருஷம் அது. பழம் வெட்டுற தோட்டத்துல விலை நல்லா இருந்துச்சு, அதே தோட்டத்துப் பிள்ளை வாங்குற ரொட்டி சீஸும் ஏறுச்சு.

பால்_நுட்பம்

ஆலை அண்ணன் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். அந்தப் பையில் புரதத்துக்குப் போடும் ரென்னெட் கேசீனும் பாலிலிருந்து எடுப்பதுதான். ஆகவே போலி சீஸுக்கு ஒரு கால் பாலில், ஒரு கால் செம்பனையில். பால் விலை ஏறினால் அதுவும் ஏறும், ஆனால் உண்மையான மொஸ்ஸரெல்லா அளவுக்கு அல்ல. இப்போது ஸ்டார்ச்சைக் கூட்டிக் கேசீனைக் குறைக்கிறார்கள், அந்தக் கயிறு இன்னும் தளர்கிறது.

தோசைக்கல்

ரெண்டையும் கல்லுல போட்டுப் பாத்தவ நான், அதனால சொல்றேன். நெஜ மொஸ்ஸரெல்லா சூட்டுல முதல்ல வேர்க்கும், ஓரத்துல சின்னச் சின்னதா குமிழ் விடும், பழுப்புப் புள்ளி விழும், தோசையை மடிச்சுப் பிச்சா நூல் நூலா வரும். எண்ணெய்ப் பை குழையும், ஆனா நூல் வராது. சுத்தி மஞ்சளா எண்ணெய் கசியும், ஆறினதும் மேல தோல் கட்டிடும். பிள்ளைங்க படம் எடுக்குறதே அந்த நூலைத்தான். பாதிக்குப் பாதி கலந்தா நூல் வருது, தோலும் கட்டல. நிறைய கடையில ஓடுறது இந்தக் கலவைதான். ஆனா கலந்தா கலந்ததுன்னு வாங்குறவங்களுக்குத் தெரியணும், அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கொட்டகைப்பால் (சுங்கை சிப்புட்)

தோட்டத்து ஓரத்துல மாடு வெச்சிருக்கோம், அப்பா காலத்திலிருந்து. பால் ஊத்துறோம், மிஞ்சினா பன்னீர் போடுறோம். போன மாசம் ஒரு ரெஸ்டாரன் அண்ணன் வந்து "சீஸ் ஏறிடுச்சே, பன்னீரையும் ஏத்திட்டீங்களா"ன்னு கேட்டாரு. எங்க பன்னீருக்கும் சிகாகோவுக்கும் சம்பந்தமே இல்ல. பன்னீர் உருகாது, அதனால மொஸ்ஸரெல்லாவுக்குப் பதிலா யாரும் வாங்க மாட்டாங்க. பாலைக் கொதிக்கவெச்சு எலுமிச்சை விட்டு, திரிஞ்சதை மெல்லிசுத் துணியில கட்டி அம்மிக்கல்லை ஏத்திவெச்சா ஒரு மணி நேரத்துல கட்டியாயிடும். கிலோவுக்கு ஆறு லிட்டர் பசும்பால் கிட்ட போதும். ஈரம் நிறைய நிக்குது, சீஸுல தண்ணியோட போயிடுற புரதமும் இதுல தங்கிடுது.

எங்க விலை தீவனத்தைப் பொறுத்தது. தீபாவளி, தைப்பூசம் நெருங்கினா கொஞ்சம் ஏறும். அவ்வளவுதான்.

ஆலை_ஷிப்டு

தம்பி, நீங்க போடுற தீவனம் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்குதானே? அதே பிண்ணாக்கு இங்கிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நியூசிலாந்துக்குக் கப்பல்ல போகுது. அதை அதிகமா வாங்குற நாடுகள்ல அது முன்னணி. அங்க புல் காய்ஞ்சா இங்க பிண்ணாக்குக்குக் கிராக்கி. அதனால உங்க பன்னீருக்கும் அக்கா மொஸ்ஸரெல்லாவுக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்லிட முடியாது.

கொட்டகைப்பால்

அதை நான் இப்படி யோசிச்சதில்லண்ணே. பிண்ணாக்கு மூட்டை விலை ஏறுறப்ப நாங்க ஆலையைத்தான் பேசுவோம்.

மொத்தக்கடை_ஈப்போ

பார்மசான் எப்படி? ஈப்போ ஓட்டல்காரங்க கேக்குறாங்க. மத்த சீஸ் இறங்கினப்பவும் அது இறங்கவே இல்ல.

பால்_நுட்பம்

இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும், கிலோவுக்குச் சுமார் 14 லிட்டர் பால், அதுவும் குறிப்பிட்ட வட்டாரத்துப் பால் மட்டும். இன்று சிகாகோவில் என்ன நடந்தாலும் நீங்கள் வாங்குவது குறைந்தது ஒரு வருடத்துக்கு முன் ஊற்றின பால். அதைப் பிடித்து இழுக்கக்கூடியது அதன் பங்காளி கிரானா படானோதான். 9 மாதத்திலேயே விற்கலாம், விலையும் குறைவு. பார்மிஜானோ அதிகமாக ஏறினால் சமையலறைகள் கிரானாவுக்குப் போய்விடும். விலைச் சிட்டையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரே சீஸை நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. இத்தாலியின் சார்டினியத் தீவில் செம்மறி ஆட்டுப்பாலில் பெரும்பங்கு பெக்கோரினோ ரொமானோவுக்குப் போகிறது. அந்த சீஸ் விலை சரிந்து, ஆட்டுப்பால் லிட்டருக்கு 60 யூரோ சென்ட் அளவுக்கு வந்தபோது, 2019 பிப்ரவரியில் மேய்ப்பர்கள் பாலைச் சாலையிலேயே கொட்டினார்கள். பாலுக்குப் போக வேறு வழி இருந்திருந்தால் விலை அப்படி விழுந்திருக்காது. சீஸ்களுக்கு இடையே இழுபறி இருப்பது விவசாயிக்கு நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

கிராணி_மகன்

எல்லாம் ஒத்துக்குறேன். ஏறுறதுக்குக் காரணம் கிடைச்சிடுச்சு. இறங்காததுக்கு? 2024 செப்டம்பர்ல டாலர் 4.12-க்கு வந்தப்ப சிப்புட்ல எந்தக் கடை சீஸ் விலையை இறக்குச்சு? அதுக்கு மொத்த வியாபாரி அண்ணன் நேரா பதில் சொல்லணும்.

மொத்தக்கடை_ஈப்போ

நேராவே சொல்றேன் தம்பி. நாங்க மூணு மாசத்துக்கு ஒரு விலை பேசுறோம். அதுக்கப்புறம் கப்பல், கிளாங் துறைமுகம், குளிர்க்கிடங்கு. டாலர் இறங்குன அன்னிக்கு எங்க கிடங்குல இருந்தது பழைய விலைச் சரக்கு, அதை நஷ்டத்துக்கு விக்க முடியாது. அது ஒரு பாதி.

மறு பாதியையும் மறைக்கல. புது சரக்கு மலிவா வந்து இறங்கினதும் தவுக்கே (முதலாளி) எல்லாருக்கும் ஒரே நாள்ல விலையைக் குறைக்க மாட்டார். கேக்குற கடைக்கு முதல்ல குறையும், நிறைய வாங்குற கடைக்குக் கேக்காமலே குறையும், கேக்காத சின்னக் கடைக்குத்தான் கடைசியில. ஏறும்போது யாரும் கேக்கணும்னு இல்ல, எல்லாருக்கும் ஒரே நாள்ல ஏறிடும். சின்னக் கடைங்க நாலஞ்சு சேர்ந்து ஒரே ஆர்டரா போட்டா பெரிய கடை விலையே கிடைக்கும். இது எந்த மொத்தக்கடைக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டாங்க.

தோசைக்கல்

இதுக்குத்தான் இந்த இழையே தொடங்கினேன். நம்ம சாலையில சீஸ் போடுறவங்க நாங்க அஞ்சு கடை. பேசிப் பாக்குறேன். நிறைய வாங்கி வெச்சா மொஸ்ஸரெல்லா எவ்வளவு நாள் நிக்கும்?

பால்_நுட்பம்

உறைந்த துருவல் −18 பாகையில் விடாமல் இருந்தால் பல மாதம் தாங்கும், பையில் இருக்கும் தேதிதான் கணக்கு. உருக்க வேண்டியதை முதல் நாள் ராத்திரியே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். வெளியே வைத்து உருக்கினால் துருவல் கட்டிக் கட்டியாக ஒட்டும், தண்ணீர் விடும், கல்லில் நூல் வராது. ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். அஞ்சு கடைக்கும் சேர்த்து ஒரு பெட்டி உறைகலன் வாங்குவதானால் கரண்டு பில்லையும் பங்கில் சேர்த்துப் பேசுங்கள்.

மொத்தக்கடை_ஈப்போ

ஆர்டர் போடும்போது விலையை மட்டும் கேக்காதீங்க அக்கா, "இது எந்த மாசம் இறங்கின சரக்கு"ன்னும் கேளுங்க. அந்தக் கேள்வி கேட்டாலே எதிர்ல இருக்கவருக்கு, இவங்களுக்குக் கணக்குத் தெரியும்னு புரிஞ்சிடும்.